ஒரே வழங்கியில் இரு தரவுத்தள முறைமைகள்

ஒரே வழங்கிக் கணினியில் இரு வேறு தரவுத்தள மேலாண்மை முறைமைகளை ஒருங்கே இயக்குவது கணினி நிர்வாகத்தில் பரவலாகக் காணப்படும் ஓர் ஏற்பாடு ஆகும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவை இவ்வாறு அருகருகே இயங்குவது இதற்குப் பரிச்சயமான எடுத்துக்காட்டு. முன்னது 1995 இல் வெளிவந்தது. பின்னது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986 இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது.

தேவை

பெரும்பாலும் இது நிர்வாகியின் விருப்பத்தால் அமைவதன்று; பயன்பாட்டு மென்பொருள்களே இதை வேண்டுகின்றன. வேர்ட்பிரெஸ் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபியை எதிர்பார்க்கிறது. ஒடூ என்னும் வணிக மேலாண்மை மென்பொருளோ போஸ்ட்கிரெஸ்கியூஎல் மீது மட்டுமே இயங்கும். ஒரே வழங்கியைக் கொண்ட நிறுவனத்துக்கு இரண்டும் தேவைப்படின் வேறு வழியில்லை.

நிறுவுதல்

மைஎஸ்கியூஎல் 3306 ஆம் துறையையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 5432 ஆம் துறையையும் இயல்பாகப் பயன்படுத்துகின்றன. தரவுக் கோப்புறைகளும் இயங்குதளப் பயனர் கணக்குகளும் வெவ்வேறானவை. எனவே நிறுவும்போது மோதல் எழுவதில்லை. மாறாக, மைஎஸ்கியூஎல்லிலிருந்து 2009 இல் கிளைத்த மரியாடிபியை அதனுடனேயே நிறுவ முயன்றால் துறை எண், கோப்புறை அனைத்தும் மோதும். அயலாரைவிட உறவினரே இங்கு இடையூறு.

நினைவகப் பங்கீடு

உண்மையான சிக்கல் நினைவகத்தில் உள்ளது. தனக்கென ஒதுக்கப்பட்ட வழங்கியில் மொத்த நினைவகத்தின் 80 விழுக்காடு வரை இன்னோடிபி இடையகத்துக்கு அளிக்கலாம் என மைஎஸ்கியூஎல் ஆவணங்கள் கூறுகின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் பகிர்வு இடையகத்துக்கு 25 விழுக்காட்டைத் தொடக்க அளவாகப் பரிந்துரைத்து, எஞ்சியதை இயங்குதளத்தின் கோப்பு இடைமாற்று நினைவகத்துக்கு விட்டுவைக்க எண்ணுகிறது. 16 ஜிகாபைட்டு வழங்கியில் இவ்விரு அறிவுரைகளையும் அப்படியே பின்பற்றினால் 12.8 உடன் 4 சேர்ந்து 16.8 ஜிகாபைட்டு ஆகிவிடும். தனித்தனியே சரியான இரு அமைப்புகள் சேர்ந்தால் தவறாகின்றன.

நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் கருவகம் ஏதேனும் ஒரு செயலாக்கத்தை வலிந்து நிறுத்தும்; பெருமளவு நினைவகம் கொண்டதே பெரும்பாலும் பலியாகும். மைஎஸ்கியூஎல் ஒற்றைச் செயலாக்கமாக இயங்குவதால் அது நிறுத்தப்பட்டால் எல்லா இணைப்புகளும் ஒருசேர அறுபடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயலாக்கத்தை உருவாக்குகிறது. எனினும், அவற்றுள் ஒன்று இவ்வாறு கொல்லப்பட்டால், பகிர்வு நினைவகம் பழுதுற்றிருக்கலாம் எனக் கருதி அது ஏனைய இணைப்புகளையும் துண்டித்து மீட்புநிலைக்குச் செல்லும். எனவே இரு இடையகங்களையும் குறைத்து, இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டு, இயங்குதளத்துக்கும் இடம் விடுவது அவசியம். வன்தட்டும் பொதுவானதே: ஒன்றின் காப்புநகல் எடுக்கப்படும் நேரத்தில் மற்றதன் வினவல்கள் மந்தமடையக்கூடும்.

தரவின் ஒருமைப்பாடு

ஒரு பயன்பாடு இரண்டிலும் எழுதுமானால் இடர் மிகுகிறது. விற்பனை ஆணை ஒன்றிலும் கட்டணப் பதிவு மற்றொன்றிலும் இருப்பதாகக் கொள்வோம். இரு காப்புநகல்களும் தம்மளவில் பிழையற்றவையாயினும் வெவ்வேறு கணங்களைக் காட்டும். அவற்றிலிருந்து மீட்டபின் ஆணையின்றிக் கட்டணம் மட்டும் எஞ்சலாம். காப்புநகல் தொடங்கும் தருணத்தில் பயன்பாட்டின் எழுதுதலைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதே எளிய வழி.

இரு முறைமைகளையும் ஒரே பரிமாற்றத்தில் பிணைக்க இருகட்ட உறுதிசெய்தல் என்னும் முறை உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2005 இல் வெளியான 8.1 பதிப்பு முதல் இதை ஆதரிக்கிறது. ஆயினும் இயல்பமைப்பில் இவ்வசதி முடக்கப்பட்டே உள்ளது. முதற்கட்டத்தில் ஆயத்தமாக்கி, முடிக்கப்படாது விடப்படும் பரிமாற்றம் தன் பூட்டுகளை மீளியக்கத்துக்குப் பின்னும் விடாமல் வைத்திருக்கும். நிர்வாகி தாமே தேடி நீக்க வேண்டும்.