பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம்: மலையடிவாரத்திற்கு வந்து சேராத விளக்கம்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊராட்சி பொட்டிபுரம். இதை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து, அதன் உள்ளே ஒரு நிலத்தடி ஆய்வகம் அமைக்க இந்திய அறிவியலாளர்கள் திட்டமிட்டனர். ஐ.என்.ஓ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இத்திட்டத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘நியூட்ரினோ ஆய்வு மையம்’ என்று எழுதின. 2015-இல் மத்திய அமைச்சரவை இதற்கு 1,583 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. ஆனால் சுரங்கப்பாதை இன்றுவரை வெட்டப்படவில்லை.

இத்திட்டத்தின் இயற்பியலைப் பற்றியும் சூழலியல் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை பார்ப்பது வேறொன்றை: ஒரு புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவருபவர்கள் அதைப் பற்றி யாரிடம், எப்போது, எந்தச் சொற்களில் பேசினார்கள் என்பதை. புதுத்தொழில் தொடங்குபவர்களுக்குச் சொல்லப்படும் சந்தைப்படுத்தல் பாடங்கள் பலவும், விற்பனைக்கே வராத இந்த ஒரு திட்டத்தின் வரலாற்றில் கிடைக்கின்றன.

கோலாரில் கேட்கத் தேவையிருக்கவில்லை

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிக மிகச் சிறிய நிறை கொண்ட அடிப்படைத் துகள். சூரியனிலிருந்தும் வளிமண்டலத்திலிருந்தும் வரும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன, எதையும் தொடுவதில்லை. அபூர்வமாக ஒன்று அணுவோடு மோதும்போதுதான் அதைக் கண்டறிய முடியும். விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களின் இரைச்சலில் அந்த மோதல் காணாமல் போய்விடும் என்பதால், தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் அளவுக்காவது பாறை வேண்டும். பாறை வடிகட்டியாக வேலை செய்கிறது.

இந்தியா இந்தத் துறைக்குப் புதியதல்ல. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்தனர். உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்த குழுக்களில் அதுவும் ஒன்று. தங்கவயல் மூடப்பட்டபோது அந்த வசதியும் போனது.

கோலாரில் ஆய்வாளர்கள் யாரிடமும் இடம் கேட்டு நிற்கவில்லை. ஜப்பானின் காமியோக்கா ஆய்வகம் ஒரு துத்தநாகச் சுரங்கத்தில் பிறந்தது. கனடாவின் சட்பரி ஆய்வகம் நிக்கல் சுரங்கத்தில் பிறந்தது. அங்கெல்லாம் மலை ஏற்கெனவே குடையப்பட்டிருந்தது, ஊர் மக்களுக்கு வெடிச்சத்தம் பழகியிருந்தது, சுரங்கம் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்திருந்தது. ஐ.என்.ஓ-வுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுரங்கமே இல்லாத ஊரில், சுரங்கம் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த வேறுபாட்டின் கனம் தொடக்கத்தில் உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது இடம்

முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது நீலகிரி மாவட்டத்தின் சிங்காரா. அங்கே பைக்காரா நீர்மின் திட்டத்துக்காகச் சுரங்கம் வெட்டிய அனுபவம் இருந்தது. ஆனால் அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானை வழித்தடம். 2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதி மறுத்து, தேனி மாவட்டத்தின் சுருளியாறு பகுதியைப் பரிசீலிக்கச் சொன்னார். அதுவோ அடர்ந்த காடு. அதன்பின் மரம் வெட்டத் தேவையில்லாத, முள்ளும் புதரும் மண்டிய போடி மேற்கு மலை தேர்வானது. 2010, 2011 ஆண்டுகளில் வன, சுற்றுச்சூழல் அனுமதிகள் கிடைத்தன. தமிழக அரசு 26.825 ஹெக்டேர், அதாவது சுமார் 66 ஏக்கர் நிலம் ஒதுக்கியது.

திட்டம் எளிமையாகச் சொல்லக்கூடியதே. மலைக்குள் கிடைமட்டமாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட குகை. அதில் 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டப்பட்ட இரும்புத் தகடுகள், அவற்றின் இடையே உணர்கருவிகள். நியூட்ரினோவின் மூன்று வகைகளில் எதன் நிறை அதிகம், எதன் நிறை குறைவு என்ற வரிசையை அறிவது முதன்மை நோக்கம்.

சிங்காராவில் தடை வந்தது யானைகளால், சுருளியாற்றில் காட்டால். மூன்றாவது இடத்தில் மரங்கள் இல்லை என்பதே பெரிய தகுதியாகச் சொல்லப்பட்டது. மரமில்லாத கரடு என்று வரைபடத்தில் தெரிந்த இடம், ஊராருக்கு ஆடுமாடு மேயும் நிலமாகவும் சாமி இருக்கும் மலையாகவும் இருந்தது. நிலத்தைச் சுற்றி வேலி வந்தபோதுதான் பலருக்குத் திட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு புதிய பொருள் மக்கள் முன் முதன்முதலாக எந்த வடிவில் தோன்றுகிறதோ அதுதான் அவர்கள் மனதில் நிற்கும். இங்கே அது கம்பி வேலி.

துறையின் பெயரும் துகளின் பெயரும்

திட்டத்திற்குப் பணம் தருவோரில் முதன்மையானது அணுசக்தித் துறை. நிர்வாக நோக்கில் இது இயல்பானது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமே அத்துறையின் கீழ் இயங்குவதுதான். ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. அதே ஆண்டின் பிற்பகுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் பெரும் போராட்டம். அதே நவம்பர், டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றி, தேனி மாவட்டமே கொந்தளித்தது. போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அணை, நிலநடுக்கம், அணுக்கதிர் ஆகிய மூன்று சொற்களும் இப்பகுதியில் சூடாக இருந்த நேரத்தில், அணுசக்தித் துறையின் பெயர்ப்பலகையோடு, வெடிவைத்து மலையைக் குடையும் திட்டம் ஒன்று வந்து நின்றது.

துகளின் பெயரும் உதவவில்லை. நியூட்ரினோவும் நியூட்ரானும் தமிழ்க் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நியூட்ரான் அணு உலையையும் அணுகுண்டையும் நினைவூட்டும் சொல். அறிவியலாளர்கள் இரண்டும் வேறு என்று திரும்பத் திரும்ப விளக்கினர். அணுக்கழிவு கொட்டும் இடம் அல்ல, கதிர்வீச்சு இல்லை, ஆயுத ஆய்வு இல்லை என்றும் கூறினர். அவை உண்மைகளே. ஆனால் ‘இல்லை, அல்ல’ என்று முடியும் வாக்கியங்கள், அதுவரை சந்தேகமே படாதவருக்கும் சந்தேகத்தை அறிமுகப்படுத்திவிடும். ஆய்வகம் என்ன செய்யும் என்பதைவிட என்ன செய்யாது என்பதே கூடுதலாகப் பேசப்பட்டது.

அதேசமயம், கதிர்வீச்சு பற்றிய அச்சத்திற்குப் பதில் சொல்வதிலேயே காலம் போனதால், பதில் சொல்லவேண்டிய வேறு கேள்விகள் பின்னுக்குப் போயின. பல லட்சம் டன் பாறையை எடுக்கும்போது தூசி எங்கே போகும்? வெட்டிய கல்லை ஏற்றிய லாரிகள் எந்த வழியாகப் போகும்? நாளொன்றுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் முல்லைப்பெரியாற்று நீரிலிருந்து எடுக்கப்படும்போது விவசாயத்திற்குக் குறையுமா? எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? இவை இயற்பியல் தெரியாதவர் கேட்கும் அறியாமைக் கேள்விகள் அல்ல. மலையடிவாரத்தில் வாழும் எவரும் கேட்டே தீரவேண்டிய கேள்விகள். 2015 குடியரசு நாளன்று கூடிய பொட்டிபுரம் கிராமசபை திட்டத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

அப்துல் கலாம் தம் இறுதி ஆண்டில் இத்திட்டத்தை ஆதரித்து எழுதினார். பள்ளி, கல்லூரிகளில் சொற்பொழிவுகள் நடந்தன; தமிழிலும் விளக்கங்கள் வெளியாயின. உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் மாணவரை ஈர்க்கும் பேச்சும், தன் நிலத்தருகே வெடிவைக்கப்போகும் செய்தியைக் கேட்ட விவசாயிக்கான பேச்சும் ஒன்றாக இருக்க முடியாது. முன்னது ஆர்வத்தைத் தூண்டுவது. பின்னது பொறுப்பேற்பது.

போடியிலேயே இருந்த மற்றோர் உதாரணம்

இதே போடியில், இதே ஆண்டுகளில், முற்றிலும் புதிய ஒரு தொழில்நுட்பம் பெரிய சண்டை இல்லாமல் நுழைந்திருக்கிறது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதுவரை வாய்விட்டு விலை கூறிய வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை குறிக்கத் தொடங்கினர். ஆனால் ஒன்று மாறவில்லை: மாதிரிக் காய் கைக்கு வரும், வியாபாரி அதைப் பிடித்து, நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகே விலை வைப்பார். விலை திரையில் ஓடுவதால் தோட்டக்காரருக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. புதியது யாருக்கு என்ன தருகிறது என்பதை விளக்கவே தேவைப்படவில்லை.

இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஏல முறையில் செலவைச் சுமப்பவரும் பயன் பெறுபவரும் ஒரே ஆட்கள். ஐ.என்.ஓ-வில் பயன் உலகுக்கு, தூசி பொட்டிபுரத்திற்கு. எந்த விளம்பரமும் அந்த இடைவெளியை மூடாது; பேசித் தீர்க்கத்தான் முடியும்.

நீதிமன்றங்களில்

ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றிப் பணிகளைத் தொடரக் கூடாது என்று 2015 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்கால ஆணை பிறப்பித்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகியது. 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதும், தாக்க மதிப்பீட்டைத் தயாரித்த நிறுவனத்திற்கு அதற்கான அங்கீகாரம் இல்லாததும் காரணங்கள்.

2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வாகக் கருதி, கட்டடக் கட்டுமானங்களுக்குரிய ‘பி’ பிரிவிலேயே மீண்டும் அனுமதி தந்தது. அப்பிரிவில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. சட்டப்படி அது திட்டத்திற்கு வெற்றி. நம்பிக்கையைப் பொறுத்தவரை மிகப்பெரிய இழப்பு என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒளிக்க ஒன்றுமில்லை என்று பத்தாண்டுகளாகச் சொன்னவர்கள், ஊரைக் கூட்டிக் கேட்கத் தேவையில்லாத வழியில் அனுமதி பெற்றதாகவே அது வெளியில் தெரிந்தது. அதே மாத இறுதியில் மதுரையில் வைகோவின் எதிர்ப்பு நடைபயணம் தொடங்கியபோது கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார்.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றாலும், தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு பதவியேற்ற முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கேட்டுக்கொண்டார். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, மதிகெட்டானையும் பெரியாறையும் இணைக்கும் புலிகள் வழித்தடம் பாதிக்கப்படும் எனக் கூறி, இந்த இடத்தில் திட்டத்தை விரும்பவில்லை என உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகமும் இத்தகைய நெருக்கடியைச் சந்தித்தது. 2002-இல் அங்கே சிறிதளவு வேதித் திரவம் கசிந்தது. உள்ளூர் நீராதாரம் குறித்த அச்சம் எழுந்து, ஆய்வகத்தின் ஒரு பகுதி நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டது. ஆய்வுகள் பின்னர் தொடர்ந்தன. அதற்கு முன் நீர் வடிகால் அமைப்பைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

பொட்டிபுரத்திற்கென வடிவமைத்த கருவியின் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி 2018 முதல் மதுரையில் இயங்கிவருகிறது. நியூட்ரினோ நிறை வரிசையைக் காணும் அதே நோக்கத்துடன் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் கட்டப்பட்ட ஜுனோ ஆய்வகம், 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்துடன், 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கியது.