வாடையும் வள்ளமும்

குளிர்காலம் என்றதும் நம் நினைவில் எழுவது நெடுநல்வாடை. ஆயினும் அங்கே நடுங்குவோர் நிலத்து மாந்தர். கடலில் நனைந்தவனின் குளிரை நம் இலக்கியம் அதிகம் பேசவில்லை.

'அலைகள் ஓய்வதில்லை' (1981) திரைப்படம் வழியாக முட்டத்தை அறிந்தோர் பலர். அரபிக்கடலை நோக்கிய அக்கரைக்கு அச்சம் தருவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனியும் ஆடியுமே. மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலமும் சூன் 1 முதல் சூலை 31 வரைதான். கார்த்திகையும் மார்கழியும் நம்பிக் கடலேறும் மாதங்கள். தலைமுறைகள் கண்டறிந்த கணக்கு அது; அறியாமையன்று.

அக்கணக்கை முறித்தது ஒக்கி. 2017 நவம்பர் 29 அன்று இலங்கையருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தோன்றி, மறுநாள் முற்பகலிலேயே குமரிக்கடலில் புயலாயிற்று. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடித்தோரில் பலருக்குச் செய்தி எட்டவே இல்லை. கவிழ்ந்த வள்ளங்களைப் பற்றியபடி இரவுபகலாக மிதந்தனர். வெப்பமண்டலக் கடல்தானே என்று நாம் எண்ணலாகாது. ஏறத்தாழ 28 பாகை வெப்பமுள்ள நீரும், 37 பாகை உடலின் சூட்டைக் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உறிஞ்சிவிடும். சோர்வும் பசியும் சேர்ந்தால் கை மரத்துப் பிடி நழுவும்.

தப்பிய படகுகள் இலட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் ஒதுங்கின. திரும்பாதோர் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.