கொயினாவின் வழித்தோன்றல்: நடுவட்டம் முதல் நுண்ணுயிரின் மரபிழை வரை

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் அமைந்துள்ளது நடுவட்டம். இன்று தேயிலை படர்ந்திருக்கும் இச்சரிவுகள் ஒரு காலத்தில் சின்கோனா மரங்களுக்குப் பெயர் பெற்றவை. அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த கொயினா மலேரியாவுக்கு மருந்தானதைப் பலரும் அறிவர். ஆனால், கொயினாவின் வழியில் வந்த வேறொரு மருந்துக் குடும்பம், பாக்டீரியா தன் மரபுப் பொருளை எவ்வாறு படியெடுக்கிறது, பழுது பார்க்கிறது என்பதை அறிஞர்கள் விளங்கிக்கொள்ளத் துணைநின்றது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. அதனையே இங்கு நாம் காணவிருக்கிறோம்.

சின்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. 1820இல் பெல்த்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் மேற்கொண்ட பயணத்தின் பயனாக இம்மரம் நீலகிரியை அடைந்தது. உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் மெக்ஐவர் அதனைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத் தோட்டத்தில் உழைத்தனர். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் அவ்வுழைப்புக்குச் சான்று. பின்னர் அவ்வூரிலேயே அரசுக் கொயினா தொழிற்சாலையும் இயங்கிற்று.

1934இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் குளோரோகுயினைச் செயற்கையாகத் தயாரித்தார். கொயினாவின் மூலக்கூறில் உள்ள குயினோலின் வளையமே இதற்கும் அடிப்படை. 1942இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் உலகின் கொயினா வரத்தில் பெரும்பகுதி நின்றது. செயற்கை மருந்துகளின் தேவை பன்மடங்காயிற்று. குளோரோகுயின் தயாரிப்பில் கிடைத்த ஒரு துணைப்பொருள் பாக்டீரியாவைச் சற்றே தடுப்பது தெரியவந்தது. அத்தடத்தில் சென்ற ஜார்ஜ் லெஷரும் அவருடைய குழுவினரும் 1962இல் நாலிடிக்சிக் அமிலத்தை அறிவித்தனர். இன்று நாமறிந்த சிப்ரோஃப்ளாக்சசின் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இம்மருந்து பாக்டீரியாவின் எவ்விடத்தில் தாக்குகிறது? இதற்கு விடை காண, அதன் உள்ளே நிகழும் படியெடுப்பை அறிய வேண்டும். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. அதனுள் மடிந்து கிடக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும்; அதில் சுமார் 46 இலட்சம் எழுத்திணைகள் உண்டு. இரு திசைகளிலும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றிலும் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து வீதம், முழு ஏடும் நாற்பது நிமிடத்தில் படியெடுக்கப்படுகிறது.

அரபுக் கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்தோர், முடிந்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதை ‘முகாபலா’ என்றனர். நுண்ணுயிரிலும் அதற்கு நிகரான ஏற்பாடு உள்ளது. படியெடுக்கும் நொதியே தவறான எழுத்தை நீக்கிவிட்டு மேலே செல்கிறது. அதன் கண்ணுக்குத் தப்பியதைப் பின்வரும் வேறு நொதிகள் பழைய இழையோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றன. ஆகவே, இறுதியில் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்னுமளவிலேயே பிழை எஞ்சுகிறது.

முறுக்கிய கயிற்றின் இரு புரிகளை நடுவில் பிரித்தால் முன்னே முறுக்கு இறுகும். டி.என்.ஏ.யிலும் அவ்வாறே. 1976இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் சகாக்களும் கண்டறிந்த ‘கைரேஸ்’ நொதி இழையை வெட்டி, மற்றொரு பகுதியை அவ்வெட்டின் ஊடே கடத்தி, மீண்டும் ஒட்டி, அம்முறுக்கைத் தளர்த்துகிறது. நாலிடிக்சிக் அமிலம் பிடிப்பது இந்நொதியைத்தான் என்பது மறு ஆண்டே தெளிவாயிற்று. வெட்டியபின் ஒட்டவிடாமல் நொதியை அது சிறைப்படுத்துகிறது. இழை அறுபட்டு நிற்கிறது.

இங்கேதான் கவனத்திற்குரிய செய்தி உள்ளது. இழை சிதைந்ததும் பாக்டீரியா அபாய அறிவிப்பு விடுக்கிறது. கப்பல்களின் அபாய ஒலியை நினைவூட்டி அறிஞர் ராட்மன் இதற்கு எஸ்.ஓ.எஸ். எனப் பெயரிட்டார். உடனே உயிரணுப் பிரிவு நிறுத்தப்படுகிறது. பழுது பார்க்கும் நொதிகள் பெருகுகின்றன. அவையும் போதாதபோது, பிழையைப் பொருட்படுத்தாது எழுதிச்செல்லும் நொதிகள் இறங்குகின்றன. பிழை மலிந்த அந்த எழுத்தில், கைரேஸின் வடிவத்தை மாற்றி மருந்தைப் பற்றவிடாமல் செய்யும் ஒரு பிழையும் நேரலாம். அந்த ஒன்று பிழைத்துப் பெருகும். மருந்தின் அளவு குறைந்தால், கொல்லாமல் சீண்டிவிடும் வாய்ப்பே மிகுதி.

1990களில் இந்தியாவில் நாலிடிக்சிக் அமிலத்துக்கு அடங்காத டைபாய்டு கிருமிகள் பரவின. இன்று தென்னாசியாவில் டைபாய்டுக்குச் சிப்ரோஃப்ளாக்சசினை நம்பிக் கொடுக்க இயலாத நிலை உள்ளது. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இதே மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு நாள் உண்டு மிச்சத்தை அலமாரியில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை.

1866இல் சென்னை மாகாண அரசு அமைத்த குழு, சின்கோனாப் பட்டையின் நான்கு சத்துகளையும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. அரிதாகக் கிடைத்த அன்றைக்கு மருந்து அளந்து மதிப்பிடப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் இன்று அளவின்றிச் செலவாகிறது. மருத்துவர் தேவையென்று கண்டபோது மட்டும், அவர் குறித்த அளவிலும் நாட்களிலும் உட்கொள்வதே நாம் கடைப்பிடிக்க வேண்டிய நெறி. ஒருவர் வீட்டில் வீணாகும் மாத்திரை, அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குப் பயன்படாமற் போகும் மாத்திரையாகும்.