நூலகர்கள் தொடங்கிய விருது

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிளை நூலகங்களில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். சாகித்ய அகாதமி விருது அறிவித்த மறுநாளே அந்தப் புத்தகத்தைக் கேட்டு நாலு பேர் வந்து நிற்பார்கள். அதுவரை அது அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கும். விருது என்றால் என்ன என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

திருநங்கையர், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் பற்றிய புத்தகங்களுக்கென்றே தனி விருதுகள் உண்டு. அவற்றில் மூத்ததைத் தொடங்கியவர்கள் நூலகர்களே! 1970-ல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் ஒரு சிறு குழு கூடியது. மறு வருடமே முதல் பரிசைக் கொடுத்தது. பெற்றவர் இசபெல் மில்லர். இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் தன் நாவலை, 1969-ல் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சடித்து விற்றவர் அவர். இன்று அதற்கு ஸ்டோன்வால் விருது என்று பெயர். 2010 முதல் சிறுவர், இளையோர் நூல்களுக்கும் தனியாகத் தருகிறார்கள்.

1989-ல் தொடங்கிய லாம்ப்டா விருதில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் உண்டு: ஷியாம் செல்வதுரை. 1965-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பின் குடும்பம் கனடா போய்விட்டது. 'ஃபன்னி பாய்' நாவலுக்கு லாம்ப்டா பெற்றார். 2005-ல் வந்த 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ' இளையோர் பிரிவில் பெற்றது. பெற்றோரை இழந்த பதினாலு வயது அம்ரித், தன் மனம் போகும் திசையைத் தானே புரிந்துகொள்ளத் தவிக்கும் கதை அது.

இளையோருக்கென்று எதற்குத் தனி விருது என்று கேட்கலாம். என்னோடு படித்தவன் ஒருவன் பங்குனிப் பொங்கல் நாடகத்தில் பெண் வேஷம் கட்டினால் ஊரே கைதட்டும். மறுநாள் அதே நடையை அதே ஊர் கேலி பேசும். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்குமுன் ஊரைவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. தன்னைப் போல் இன்னொருவர் உண்டு என்று சொல்ல அவனுக்கு அன்று ஒரு புத்தகமும் கிடைக்கவில்லை.

இன்று தமிழில் புத்தகம் இருக்கிறது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி', ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'. வித்யாவின் கதை கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் புத்தகத்துக்குக் கன்னட சினிமா வழியாக வந்த மரியாதை!

அடுத்த முறை நூலகம் போகும்போது இவற்றைக் கேளுங்கள். இல்லையென்றால் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் புத்தகம் வாங்குவார்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தேவைப்படும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.