சூளைத் தீயும் அதன் காவலும்

சூளையினுள் மட்கலம் எவ்வாறு வேகின்றதென்பதை உள்ளே புகுந்து கண்டவர் எவருமிலர். பல நூற்றாண்டுகளாகக் குயவர் தீயின் நிறம் ஒன்றையே கொண்டு பதம் அறிந்தனர். அதற்கோர் அளவுகோல் தேடியவர் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட். சூட்டில் களிமண் சுருங்கும் அளவைக் கொண்டு உஷ்ணம் காணும் கருவியொன்றை 1782இல் அவர் அறிவித்தார். அவர் கணக்கிட்ட டிகிரிகள் மிகையானவை எனப் பின்னர்த் தெரிந்தது. எனினும் வழி திறந்துவிட்டது.

1886ஆம் ஆண்டை இத்துறையின் நல்லாண்டு என்போம். பெர்லினில் ஹெர்மன் செகர், குறித்த பதத்தில் முனை வளைந்து தலைசாயும் சிறு மண்கூம்புகளை வகுத்தார். வெறும் உஷ்ணத்தையன்று, உஷ்ணமும் காலமும் கூடி மண்ணில் செய்த வேலையையே அவை காட்டுவன. அதே காலத்தில் பிரான்சில் லெ ஷாதெலியே, பிளாட்டினக் கம்பியையும் பிளாட்டின-ரோடியக் கம்பியையும் நுனியில் இணைத்துப் பெருஞ்சூட்டை அளந்தார். இருவேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பது 1821இலேயே ஸீபெக் கண்டது.

அவ்விணைப்பே இன்று எரிவாயுச் சூளையின் காவலனாக நிற்கின்றது. பர்னரின் சுடரில் அதன் நுனி காயும்வரை, பிறக்கும் சிறு மின்சாரம் வாயுவின் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அவிந்தால் சில நொடிகளில் வால்வு தானே மூடும். இக்காவல் இல்லாத பர்னரை வீட்டிற் பொருத்துவதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். உருளை வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலே தேங்கிப் பொறியொன்றுக்குக் காத்திருக்கும். ஆதலின் நிலவறையும், மூடிய பால்கனியும், அடுக்குமாடியின் படிக்கட்டடியும் சூளைக்கு ஆகா. நாற்புறமும் காற்றோடும் கொட்டகையே தகும். உருளை சூளைக்கு எட்டத்தில், நிமிர்ந்து நிற்கவேண்டும். இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதித்தல் வேண்டும், தீக்குச்சியால் அன்று. சமையலுக்கென வழங்கும் உருளையைச் சூளைக்குத் திருப்புதல் விதிக்கும் முரணானது.

இனி, சூடு எங்கும் ஒன்றாய்ப் பரவுவதெப்படி? தீ இயல்பாக மேலேறுவது. மேல்தட்டுக் கலம் உருகக் கீழ்த்தட்டுக் கலம் பச்சையாய் நிற்கும். புகைப்போக்கியின் வாயைத் தரைமட்டத்தில் அமைத்தால், வளைவைத் தொட்ட தீ கலங்களினூடே கீழிறங்கியே வெளியேற நேரும். பின் புகைப்போக்கியின் தடுப்புத் தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சீர்செய்யலாம். மேலும் கீழும் செகர் வழிவந்த கூம்புகளை வைத்துப் பார்த்தல் நலம். உஷ்ணமானி தான் நிற்கும் இடத்தின் சூட்டையே சொல்லும். கீழ்க்கூம்பு பின்தங்கினால் அதே சூட்டில் சிறிதுநேரம் நிறுத்துவர். ஆங்கிலக் குயவர் இதனை ‘ஊறவைத்தல்’ என்பர். மொழிபெயர்த்தால் ஊறுகாய் நினைவு வந்தாலும், பொருள் சரியே.

573 டிகிரியை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும்; ஆறும்போது அங்கேயே திடீரெனச் சுருங்கும். ஏறும்போது அவ்விடத்தில் நிதானித்தவர் பலர், மறுநாள் ஆவலால் கதவை முன்கூட்டித் திறந்து கலத்தை விரிசலோடு எடுத்திருக்கின்றனர்.