மணிலாக் கப்பலும் நமது கரையும்: அமெரிக்கா சென்ற முதல் ஆசியரைக் குறித்து

பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், திருவள்ளூர் வட்டாரங்களில் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்னும் பெயர் நெடுநாளாக வழங்கிவருகிறது. மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்பன அதன் திரிபுகள். இப்பயிர் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவில் தோன்றியது. அமெரிக்கப் பயிர் ஒன்று நம்மிடையே மணிலாவின் பெயரைத் தாங்கி நிற்பது, பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்து நமது கரையையும் தொட்ட ஒரு பழைய கடல்வழியின் சுவடாகும். அவ்வழியே பயிரும் பட்டும் வெள்ளியும் சென்றதைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதே வழியில் மனிதரும் சென்றனர். பிலிப்பைன்ஸ் மாலுமிகளும், அவர்களோடு இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுமே அமெரிக்கக் கண்டங்களில் குடியேறிய முதல் ஆசியர் எனலாம். அவர்கள் யார், அவர்களுடைய பெயரும் ஊரும் எவ்வாறு மறைந்தன, அம்மறைவில் திருச்சபைக்கு இருந்த பங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கப்பலும் மாலுமிகளும்

கி.பி. 1565இல் லெகாஸ்பி என்னும் ஸ்பானியத் தளபதி மெக்சிகோவிலிருந்து வந்து பிலிப்பைன்ஸ் தீவுகளில் குடியேற்றத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருடன் வந்த அகுஸ்தீன் சபைத் துறவி ஆந்திரே தெ உர்தனேத்தா, வட பசிபிக் வழியாக மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல்வழியைக் கண்டறிந்தார். அது முதல் 1815 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. சீனப் பட்டும் நறுமணப் பொருள்களும் இந்தியப் பருத்தித் துணியும் கிழக்கு நோக்கிச் சென்றன. அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி மேற்கு நோக்கி வந்தது.

இக்கப்பல்களைக் கட்டியவரும் ஓட்டியவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் மக்களே. காட்டில் மரம் வெட்டவும் துறையில் கப்பல் கட்டவும் அவர்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். கப்பலில் அவர்களுக்குக் கிடைத்த கூலி, ஸ்பானிய மாலுமிகள் பெற்றதைவிட மிகக் குறைவு. மணிலாவிலிருந்து அக்கபுல்கோ செல்ல நான்கு முதல் ஆறு திங்கள் ஆகும். வடகடலின் குளிரைத் தாங்கும் உடையின்றி வழியில் மாண்டவர் பலர். 1587 அக்டோபர் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் மோரோ விரிகுடாவில் இறங்கிய ஸ்பானியக் குழுவில் லூசோன் தீவினர் சிலர் இருந்தனர் என்பது பதிவாகியுள்ளது. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மண்ணில் பிலிப்பைன்ஸ் மக்கள் கால்வைத்ததற்குக் கிடைக்கும் முதற்சான்று இதுவே.

இத்தகைய நிலையில் கரை சேர்ந்தவர்கள் மீண்டும் கப்பலேற விரும்பாததில் வியப்பில்லை. 1618இல் ‘எஸ்பிரித்து சாந்தோ’ என்னும் கப்பலில் சென்ற 75 பிலிப்பைன்ஸ் மாலுமிகளுள் ஐவருக்கு மேல் திரும்பவில்லை என்று, அடுத்த ஆண்டில் செபாஸ்தியான் தெ பினேதா என்னும் கப்பல் அதிகாரி மன்னருக்கு முறையிட்டார். தங்கிவிட்டவர்கள் மெக்சிகோவின் மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்கியும், அதைக் காய்ச்சி வடித்தும் பிழைத்தனர். உள்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பங்களாயினர். இவர்களுடைய சரக்கு பெருகினால் ஸ்பெயினிலிருந்து வரும் திராட்சை மது விலைபோகாது என்பதே அதிகாரியின் கவலை. கோலிமாப் பகுதியில் இன்றும் தென்னங்கள் இறக்கப்படுகிறது. பிலிப்பைன்ஸ் மொழியில் அதற்கு வழங்கும் ‘தூபா’ என்னும் பெயரே அங்கும் வழங்குகிறது. பிற்காலத்தில் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் சென் மாலோ என்னும் பிலிப்பைன்ஸ் மீனவர் குடியிருப்பு இருந்தது. 1883இல் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் அதனைப் பற்றி இதழொன்றில் எழுதிய பின்னரே வெளியுலகம் அதனை அறிந்தது.

2. ‘சீனர்’ என்னும் ஒரே பெயர்

மணிலாக் கப்பலில் மாலுமிகளோடு அடிமைகளும் சென்றனர். பிலிப்பைன்ஸ் மக்கள் ஸ்பானிய மன்னரின் குடிகளாகையால் அவர்களை அடிமைப்படுத்துவது பதினாறாம் நூற்றாண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடை முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை எனினும், அதனால் வேறொரு தீமை விளைந்தது. வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளுக்கு அத்தடை இல்லை. 1580 முதல் 1640 வரை போர்ச்சுக்கலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. அக்காலத்தில் கொச்சி, மலாக்கா முதலிய துறைகளிலிருந்து போர்ச்சுக்கீசிய வணிகர் இந்திய, வங்காள, மலாய் அடிமைகளை மணிலாவுக்குக் கொண்டுவந்து விற்றனர்.

சோழமண்டலக் கரையும் இவ்வணிகத்துக்குப் புறம்பாக நிற்கவில்லை. மயிலையிலுள்ள சாந்தோமில் 1520களிலேயே போர்ச்சுக்கீசியர் குடியேறியிருந்தனர்; நாகப்பட்டினம் 1658 வரை அவர்கள் கையில் இருந்தது. இவ்விரு துறைகளின் வணிகரும் மலாக்காவோடும் மணிலாவோடும் தொடர்பு கொண்டிருந்தனர். பஞ்சமும் போரும் சூழ்ந்த ஆண்டுகளில் பசியால் தம்மையோ தம் பிள்ளைகளையோ விற்றவர்கள் இக்கரையின் துறைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காட்டில் கோட்டை கட்டிய சீர்திருத்த சபையினரான டச்சுக்காரரும் அவ்வாறே அடிமைகளை வாங்கிப் பத்தாவியாவுக்கு அனுப்பினர். ஆகவே இப்பழியைக் கத்தோலிக்க நாடுகளின்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்வதற்கில்லை.

மெக்சிகோவில் இறங்கியதும் இவர்கள் அனைவருக்கும் ‘சீனோ’, அதாவது ‘சீனர்’, என்னும் ஒரே பெயர் இடப்பட்டது. தகாலோகு பேசியவரும், வங்காளம் பேசியவரும், மலாய் பேசியவரும், மலபாரிலிருந்தும் சோழமண்டலத்திலிருந்தும் வந்தவரும், சீன நாட்டையே காணாதவரும் ‘சீனர்’ ஆயினர். திருமுழுக்கின்போது அவர்களுக்குப் புனிதர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. பெற்றோர் இட்ட பெயர் திருமுழுக்கிலும், பிறந்த நாட்டின் பெயர் ஆவணத்திலும் மறைந்தன. இவர்களுள் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிக் கூற இயலாதபடி செய்தது கடல் அன்று, எழுதுகோலே.

1672இல் ஸ்பானிய முடியாட்சி மெக்சிகோவிலிருந்த ‘சீன’ அடிமைகளை விடுவிக்க ஆணையிட்டது. அமெரிக்காவின் தொல்குடிகளைப் போலவே இவர்களும் ‘இந்தியர்’ எனக் கொள்ளப்பட்டு விடுதலைக்கு உரியவராயினர். ஆப்பிரிக்க அடிமைகளுக்கோ அவ்விடுதலை எட்டவில்லை. ஒரு பெயர் சிலரை அடிமைத்தனத்திலிருந்து மீட்டது. மற்றொரு பெயர் மற்றவரைப் பல தலைமுறைகள் அதிலேயே நிறுத்தியது. இடப்படும் பெயரில் ஒரு மனிதனின் விதி அடங்கியிருந்தது.

3. கத்தரீனா தெ சான் ஹுவான்

இவ்வடிமைகளுள் ஒருவருடைய வரலாறு மட்டும் விரிவாக எழுதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர் நாட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறுமி, கடற்கரையில் போர்ச்சுக்கீசியக் கொள்ளையரால் பிடிக்கப்பட்டாள். கொச்சியில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தரீனா ஆனாள். மணிலாவில் விற்கப்பட்டு, 1621ஐ ஒட்டி மெக்சிகோவின் புவெப்லா நகரை அடைந்தாள். பின்னர் விடுதலை பெற்று, செபத்திலும் தவத்திலும் வாழ்ந்து, 1688 சனவரி 5ஆம் நாள் இறந்தார். நகர மக்கள் அவரைப் புனிதையாகவே மதித்தனர். அவருடைய ஆன்ம குருவாயிருந்த இயேசு சபையார் அலோன்சோ ராமோஸ் 1689 முதல் 1692 வரை அவர் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அந்நூலைச் சமய விசாரணை மன்றம் தடை செய்தது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்தொகுதிகளில் காட்சிகளும் அற்புதங்களும் நிரம்பியுள்ளன. அவர் அரச குலத்தவர் என்றும் புகழப்படுகிறார். ஆயினும் அவரைக் கவர்ந்து விற்ற செயல் பாவமாகக் கண்டிக்கப்படவில்லை. அவரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்த தெய்வச் செயலாகவே காட்டப்படுகிறது. அடிமைத்தனத்தை அருளின் வாய்க்காலாக விளக்கும் இவ்விறையியலே அதைக் கண்டிக்கும் வாயை அடைத்தது. சீரியத் தளபதி நாகமானின் வீட்டில் பணிசெய்த சிறைப்பட்ட பெண்ணை நாம் அறிவோம். அவள் சொல்லால் தளபதி குணமடைந்தான் என்று பிரசங்கிக்கிறோம். அவள் வீடு திரும்பினாளா என்று நாம் கேட்பதில்லை.

4. சென்னைக்கு வந்த வெள்ளி

அக்கபுல்கோவிலிருந்து வந்த வெள்ளி மணிலாவோடு நின்றுவிடவில்லை. சோழமண்டலத் துணிக்கு மணிலாவில் பெரும் கிராக்கி இருந்தது. சீர்திருத்த சபையினரான ஆங்கிலேயர் அங்கு நேராக வணிகம் செய்ய ஸ்பானியர் இடம் கொடாமையால், சென்னை ஆங்கிலேயர் தம் சரக்கை அர்மேனியர் முதலியோரின் பெயரில் அனுப்பினர். இவ்வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அர்மேனியரான கோஜா பெத்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும், பரங்கிமலை உச்சிக்குச் செல்லும் படிகளை அமைத்தவரும் இவரே. காட்டுப்பாக்கம் வழியே செல்லும் மவுண்ட் – பூந்தமல்லி சாலை அம்மலையடியிலிருந்தே புறப்படுகிறது.

நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. வேப்பேரியில் உஸ்கான் கட்டிய கத்தோலிக்கச் சிற்றாலயத்தை, பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னையைத் திரும்பப் பெற்றபின் ஆங்கில அரசாங்கம் கையகப்படுத்தி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எஸ்.பி.சி.கே. சங்கத்துக்காக ஊழியம் செய்த மிஷனரிகளிடம் ஒப்படைத்தது. 1751இல் இறந்த உஸ்கான் அவ்விடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். வேப்பேரி ஊழியத்தை நடத்திய பப்ரிஷியஸ் ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. நமது வழிபாட்டு மொழியை உருவாக்கிய அத்திருப்பணியின் வளாகம் மணிலாச் செல்வத்தால் எழுந்தது. அச்செல்வமோ, தொல்குடிகள் கட்டாயமாக இறக்கப்பட்ட அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியோடு தொடர்புடையது. இதனால் உஸ்கானின் கொடையோ பப்ரிஷியஸ் ஐயரின் உழைப்போ இழிவடையாது. ஆனால் நமது திருச்சபை மரபு எவ்வுழைப்பின்மேல் நிற்கிறது என்பதை அறிந்து பேசும் கடமை நமக்குண்டு.

5. பெயரோடு சென்றவர்கள்

தமிழர் அமெரிக்கப் பகுதிகளுக்கு மீண்டும் பெருந்திரளாகச் சென்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒப்பந்தக் கூலிகளாக. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் இந்தியத் தொழிலாளரை மார்த்தினிக் தீவில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பை அடைந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து இத்தீவுகளுக்கும், சென்னையிலிருந்து பிரிட்டிஷ் கயானா முதலிய இடங்களுக்கும் தமிழர் ஏற்றப்பட்டனர். ஏமாற்றும் நோயும் சவுக்கடியும் இவர்களுக்கும் நேர்ந்தன. எனினும் அரசாங்கப் பதிவேடுகள் இவர்களுடைய பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் பொதுவாகக் குறித்தன. முதலாளியின் கணக்குக்காகவே அவை எழுதப்பட்டன. ஆயினும் இன்று அத்தீவுகளிலிருந்து முன்னோரின் ஊரைத் தேடுவோருக்கு அவையே துணையாகின்றன. மணிலாக் கப்பலில் சென்றோரின் சந்ததிக்கு இத்தகைய துணை கிடைப்பது அரிது.

6. போதகர் கருதவேண்டியது

பவுல் பிலேமோனுக்கு எழுதுகையில் ஒநேசிமுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதை நாம் பொருட்படுத்துவதுண்டு. பெயர் சொல்லுதல், ஒருவனை உடைமையிலிருந்து சகோதரனாக மாற்றும் முதற்படியாகும். மெக்சிகோவின் திருச்சபை தன்னிடம் வந்த ஆசியருக்குத் திருமுழுக்கும் தந்தது, பெயரும் தந்தது, ஆனால் அவர்கள் கொண்டுவந்த பெயரைக் கேட்கவில்லை.

இது பழங்கதையன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் தொழிற்கூடங்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடியா, வங்காளம், அசாமியம், போஜ்புரி, நேபாளி பேசும் தொழிலாளர் உழைக்கின்றனர். அவர்கள் அனைவரையும் ‘வடநாட்டார்’ என்றோ ‘இந்திக்காரர்’ என்றோ ஒரே சொல்லால் குறிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மெக்சிகோவின் ‘சீனோ’ என்னும் சொல்லுக்கும் இதற்கும் தன்மையில் வேற்றுமையில்லை. இவர்களுள் சிலர் நம் ஆலயங்களுக்கு வருகின்றனர். சிலர் நம் சபை எல்லைக்குள்ளேயே விபத்தில் மடிகின்றனர். அவர்களுடைய திருமுழுக்கையோ திருமணத்தையோ அடக்கத்தையோ நம் பதிவேட்டில் எழுதும்போது, பெயரை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே கேட்டு, தாய் தந்தையர் பெயர், ஊர், மாவட்டம், தாய்மொழி ஆகியவற்றையும் குறிப்பது போதகரின் கையிலுள்ள எளிய பணி. அதற்குத் தனிச் சட்டமோ பொருட்செலவோ வேண்டியதில்லை.

இறையியல் மாணவர் தம் சபைகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அவற்றில் ஊரும் குடும்பப் பெயருமின்றி நிற்பவர் யாவர், அவர்கள் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஆராய்வது பயனுள்ள முயற்சியாகும். திருச்சபையின் வரலாற்றைப் பேராயர்களின் வரிசையாகவும் கட்டடங்களின் வரிசையாகவும் எழுதிப் பழகிவிட்டோம். கப்பலின் அடித்தளத்தில் சென்றோரின் பக்கத்திலிருந்தும் அதை எழுதவேண்டும். அதற்கான ஏடுகள் நம் ஆலயங்களின் அலமாரிகளிலேயே இருக்கின்றன.