வாவியில் எழுந்த ஓசை

எங்கள் ரெட்டியார்பாளையத்தில், இரவில் இனந்தெரியாத ஓசை கேட்டால், சற்றே செவிமடுத்துப் பின் உறங்கிவிடுவோர் பலர். உறங்காமல் ஆராய்ந்த ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

இலங்கையின் மட்டக்களப்பு வாவியில், நிலவொளி மிக்க இரவுகளில், நீருக்கடியிலிருந்து ஓசை எழுவதை மீனவர் நெடுநாளாக அறிவர். 1848-ஆம் ஆண்டில், அந்நாட்டு ஆங்கில அரசின் செயலாளர் எமர்சன் டெனன்ட் அங்கே சென்றார். முதலில் மீனவரை வினவினார். ஊரி என்னும் நத்தையினமே ஒலிக்கின்றது என்றனர் அவர்கள். பின்னர் இரவில் படகேறினார். மெல்லிய ஓசையும் ஆழ்ந்த ஓசையும் கலந்து எழுந்தன. படகின் பலகையில் செவியை வைத்ததும் ஒலி பெருகியது. நீரில் பிறக்கும் ஒலியில் மிகச் சிறு பகுதியே காற்றில் ஏறும்; பலகையோ அவ்வதிர்வைச் செவிக்கே சேர்ப்பிக்கும். படகு அகன்றபோது ஓசை மறைந்தது. பழைய இடத்திற்கு மீண்டதும் கேட்டது. எனவே ஒலிப்பது திரியும் மீனன்று, ஓரிடத்தில் தங்கும் உயிரே என்று கருதினார். மீனவர் சொல்லும் அதுவே.

ஆயினும் 'பாடும் மீன்' என்ற பெயரே நிலைத்தது. ஒலிப்பது எது என்பது இன்றும் ஐயமற முடிவாகவில்லை. ஊராரைக் கேட்டல், செவியால் சோதித்தல், இடம் மாற்றி ஒப்பிடல்: இம்மூன்றிற்கும் ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை, பொறுமை ஒன்றே வேண்டும்.